பிள்ளைக்குக் கேட்கிறதா, பிள்ளை கேட்கிறதா? செவிமடுத்தலும் படிப்பும்: யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பன்மார் கேட்கும் கேள்விகள்

முப்பது வருடத்துக்கு மேலாக வலிகாமத்தில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். பெற்றோர் கூட்டத்திலும், கோயில் வீதியிலும், சந்தையில் மரக்கறி வாங்கும் இடத்திலும் தாய்மார் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. நான் மருத்துவர் இல்லை. வகுப்பில் கண்டதையும், அதற்குப் பிறகு தேடிப் படித்து உறுதிப்படுத்திக்கொண்டதையும் எழுதுகிறேன்.

என் மகன் சொல்வழி கேட்பதே இல்லை, ரீச்சர். இது கேட்கும் திறன் குறைவா?

முதலில் நம்முடைய சொல்லைப் பார்ப்போம். தமிழில் "கேள்" என்ற ஒரே வினை மூன்று வேலை செய்கிறது. சத்தம் கேட்கிறது. கேள்வி கேட்கிறோம். சொல்வழி கேட்கிறோம். மூன்றுக்கும் ஒரே சொல் இருப்பதால், பணியாத பிள்ளையைக் கேளாத பிள்ளை என்று சொல்லிப் பழகிவிட்டோம். பணிவு வேறு, செவிமடுத்தல் வேறு.

என் வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்திருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். பாடம் முடிந்து கேட்டால் ஒன்றும் உள்ளே போயிருக்காது. மேசையைச் சுரண்டிக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு இருந்த சிலர் கதையை முதலிலிருந்து கடைசி வரை திருப்பிச் சொன்னார்கள். ஆகவே "கேட்டியோ?", "விளங்கிச்சோ?" என்று கேட்பதால் பலன் இல்லை. அதற்கு எல்லாப் பிள்ளையும் "ஓம்" என்றுதான் சொல்லும். "இப்ப நான் என்ன சொன்னனான், நீ ஒருக்காச் சொல்லு பாப்பம்" என்று அமைதியாகக் கேட்டுப் பாருங்கள். திருப்பிச் சொல்ல முடிந்தும் செய்யாவிட்டால் அது குழப்படி. திருப்பிச் சொல்லவே முடியாவிட்டால்தான் நாம் யோசிக்க வேண்டும்.

காது நன்றாக இருந்தால் செவிமடுத்தல் தானாக வந்துவிடாதா?

வராது. சத்தம் காதில் விழுவது முதற்படி மட்டுமே. விழுந்த சத்தத்தில் எது பேச்சு, எது மின்விசிறி என்று பிரிக்க வேண்டும். பேச்சுக்குள் ஒலிகளை வேறுபடுத்த வேண்டும். வசனம் முடியும் வரை முன்பாதியை மனதில் வைத்திருக்க வேண்டும். பிறகு தனக்கு ஏற்கெனவே தெரிந்ததோடு சேர்த்துப் பொருள் எடுக்க வேண்டும்.

"அலுமாரிக்கு மேல இருக்கிற நீலக் கொப்பியை எடுத்து அக்காட்டைக் குடுத்திட்டு, வரேக்க செம்பில தண்ணி கொண்டு வா." நமக்கு இது ஒரு வசனம். நான்கு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய சுமை. ஒன்றரை வயதளவில் பெரும்பாலான பிள்ளைகள் கையால் காட்டாமலே ஒரு வேலையைச் சொன்னால் செய்யும். இரண்டரை வயதளவில் இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் செய்யும். அதற்கு மேல் மெல்ல மெல்லத்தான் கூடும். பாதி செய்துவிட்டு நடுவீட்டில் திகைத்து நிற்கும் பிள்ளை சோம்பேறி இல்லை. மிச்சம் அதன் மனதிலிருந்து நழுவிவிட்டது, அவ்வளவுதான்.

இது எந்த வயதில் தொடங்குகிறது?

வயிற்றுக்குள்ளேயே. ஆறாம் மாதமளவில் சிசுவின் காது வேலை செய்யத் தொடங்கிவிடும். பிறந்த சில நாட்களிலேயே குழந்தை வேறு பெண்களின் குரலைவிடத் தன் தாயின் குரலை நாடுகிறது என்று 1980இல் நடந்த ஆய்வு காட்டியது. பிறகு முதல் வருடத்துக்குள் இன்னொன்று நடக்கிறது. ஆறு மாதக் குழந்தை, தான் ஒருநாளும் கேளாத மொழியின் ஒலிகளைக்கூட வேறுபடுத்தும். ஒரு வயது நெருங்கும்போது அந்தத் திறன் சுருங்கி, தன்னைச் சுற்றிக் கேட்கும் மொழிக்கு ஏற்றதாகக் கூர்மைப்படுகிறது. கனடாவில் ஜனெட் வேர்க்கர், ரிச்சர்ட் ரீஸ் இருவரும் 1984இல் இதைக் காட்டினார்கள். அதனால் "அவளுக்கு ஒண்டும் விளங்காது, ஏன் கதைக்கிறாய்?" என்று தொட்டில் ஆட்டுபவரைத் தடுக்காதீர்கள். வாய் திறவாத அந்தக் குழந்தை அப்போது தமிழைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறது.

செவிமடுத்தலுக்கும் வாசிப்புக்கும் என்ன சம்பந்தம்? என் மகள் எழுத்துக்கூட்டி நன்றாக வாசிக்கிறாள். வாசித்தது என்ன என்று கேட்டால் தெரியாது.

தமிழ்ப் பிள்ளைகளிடம் நான் அதிகம் கண்ட சிக்கல் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வாசித்து விளங்குவதை இரண்டு திறன்களின் பெருக்கமாகப் பார்க்கலாம் என்று 1986இல் கோஃப், ரன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஒன்று, எழுத்தைப் பார்த்துச் சொல்லை எடுப்பது. மற்றது, அந்தச் சொற்களை யாராவது வாயால் சொன்னால் விளங்கிக்கொள்வது. பெருக்கம் என்பதைக் கவனியுங்கள். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்.

தமிழில் 247 எழுத்து என்று பயப்படுகிறோம். ஆனாலும் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் நேரானது. எழுத்துகளைப் பிடித்துவிட்டால் பிள்ளை பொருள் தெரியாமலே எதையும் உரத்து வாசித்துவிடும். தாயும் "பிள்ளை நல்லா வாசிக்குது" என்று நம்பிவிடுவார். தரம் 3, 4 வரை இது மறைந்திருக்கும். சுற்றாடல் பாடமும் கணக்கில் வசன வினாக்களும் கூடும்போது வெளியே வரும். "கணக்கு வராது" என்று என்னிடம் கொண்டுவந்த பிள்ளைகள் பலருக்குக் கணக்கு வந்தது. வினா வசனம்தான் விளங்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் வீட்டில் கதைக்கும் தமிழும் புத்தகத் தமிழும் வேறு வேறு. வீட்டில் "அவை வருகினம்", புத்தகத்தில் "அவர்கள் வருகிறார்கள்". வீட்டில் "நான் போறன்", புத்தகத்தில் "நான் போகிறேன்". வீட்டில் "உங்கை வை" என்போம். அந்த "உங்கை" பிள்ளையின் புத்தகத்தில் எங்கும் வராது. வீட்டுத் தமிழைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அது நம்முடைய செல்வம். ஆனால் எழுத்துத் தமிழைக் காதால் கேட்டுப் பழகாத பிள்ளை, முதன்முதலாக அதைக் கண்ணால் பார்க்கும்போது பாதி அந்நிய மொழியைப் பார்ப்பது போலத் தடுமாறும்.

மருந்து எளியது. படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் கதைப் புத்தகத்தைப் புத்தகத்தில் உள்ளபடியே வாசித்துக் காட்டுங்கள். இடையில் நிறுத்தி வீட்டுத் தமிழில் கதையுங்கள். நம் கோயில்களில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டைப் படிக்க, இன்னொருவர் அதற்குப் பயன் சொல்வார். எழுத்தறியாத பலர்கூட அப்படிக் கேட்டே கடினமான தமிழுக்குப் பழகினார்கள். அதே முறைதான். நீங்களே படித்து நீங்களே பயன் சொல்லுங்கள். பிள்ளை தானாக வாசிக்கத் தொடங்கிய பிறகும் இதை நிறுத்த வேண்டாம். பத்து வயதிலும் வாசித்துக் காட்டலாம்.

சொல்வதெழுதலில் "வாழை"யை "வாளை" என்று எழுதுகிறான். காது கொடுத்துக் கேட்பதில்லை என்று ரியூசனில் அடி விழுகிறது.

அடிப்பது எந்தப் பிழைக்கும் மருந்தாகாது. இதில் பிள்ளை செய்ததும் செவிமடுத்தல் பிழை இல்லை. யாழ்ப்பாணத்தில் நம்மில் பலர் "ழ"வையும் "ள"வையும் ஒன்றாகவே உச்சரிக்கிறோம். "வழி"யும் "வளி"யும் நம் வாயில் ஒன்றுதான். பிள்ளை தன் காதில் விழுந்ததைச் சரியாகவே எழுதியிருக்கிறது. இது பார்த்துப் பழகித் திருந்தும் பிழை.

ஆனால் "கல்"லுக்கும் "கள்"ளுக்கும், "மனம்" "மணம்" இரண்டுக்கும் வீட்டில் வேறுபாடு காட்டிக் கதைக்கிறீர்கள், அப்படியிருந்தும் பிள்ளை எப்போதும் மாற்றி எழுதுகிறது அல்லது மாற்றிச் சொல்கிறது என்றால் கவனியுங்கள். ஒலி வேறுபாடு பிடிபடுவதில் சிரமம் இருக்கலாம். முதலில் காதைச் சோதிப்பது நல்லது.

சில நாள் கேட்கிறது, சில நாள் கேட்காத மாதிரி இருக்கிறான். கள்ளம் என்கிறார் தகப்பன்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பையன் ஞாபகம் வருவான். தரம் 2இல் என் வகுப்பில் இருந்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்ப்பான். குழப்படி என்று நினைத்து அவனைக் கடைசி வாங்கில், கதவோரம் இருத்தினேன். தவணை அறிக்கையில் "கவனக்குறைவு" என்று என் கையாலேயே எழுதினேன். மாரிகாலம் முழுக்கச் சளித் தடிமன் விடாமல் இருந்ததால் தாய் கிளினிக்குக் கொண்டுபோயிருக்கிறார். இரண்டு காதிலும் நடுக்காதில் நீர் கட்டியிருக்கிறது என்று சொன்னார்கள். கேட்காத பிள்ளையை நான் இன்னும் தூரத்தில் கொண்டுபோய் வைத்திருந்தேன். அந்த அறிக்கையை அழித்து எழுத எனக்கு வழி இருக்கவில்லை.

நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் ஒரு சிறு குழாய் இணைக்கிறது. பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளுக்கு அது குட்டையாகவும் சரிவு குறைந்தும் இருக்கும். தடிமன் பிடித்தால் எளிதாக அடைத்துக்கொள்ளும். உள்ளே நீர் தேங்கும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. வெளியே ஒன்றும் தெரியாது. விரலால் காதைப் பொத்திக்கொண்டு கேட்பது போல மந்தமாகக் கேட்கும். தடிமன் குறையும்போது தெளியும், கூடும்போது மந்தமாகும். அதனால்தான் ஒரு நாள் கேட்கிறது, ஒரு நாள் கேட்பதில்லை. "உவனுக்குக் கேக்கும், கேக்க விருப்பமில்லை" என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

தமிழில் இது கூடுதலாகப் பாதிக்கும் என்பது என் அனுபவம். நம் மொழியில் பொருளின் பெரும்பகுதி சொல்லின் வாலில் இருக்கிறது. போனான், போனாள், போனது. வீட்டுக்கு, வீட்டில், வீட்டால். கதைக்கும்போது அந்த வால் பகுதியில்தான் குரல் தாழும். மந்தமாகக் கேட்கும் பிள்ளைக்குப் "போன" வரைக்கும் கேட்கும். யார் போனது என்று தெரியாது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த நீர் மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும். வற்றாமல் இருந்தால், அல்லது பேச்சும் படிப்பும் பின்தங்கினால், காது மூக்குத் தொண்டை மருத்துவர் என்ன செய்வதென்று முடிவெடுப்பார். சிலருக்குச் செவிப்பறையில் சிறு குழாய் வைப்பார்கள். நாம் செய்யக்கூடியது கவனித்துக் குறித்து வைப்பது. ரி.வி. சத்தத்தைக் கூட்டுகிறதா, "ஆ?" என்று அடிக்கடி கேட்கிறதா, நாம் கதைக்கும்போது வாயைப் பார்க்கிறதா, முதுகுப்புறமிருந்து மெல்லக் கூப்பிட்டால் திரும்புகிறதா, வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொள்கிறதா. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காது மூக்குத் தொண்டைக் கிளினிக் இருக்கிறது. போகும்போது இந்தக் குறிப்பையும் கொண்டுபோங்கள். "காது கேக்குதில்லை" என்று மட்டும் சொல்வதைவிட அது மருத்துவருக்கு உதவும்.

காதுக்குள் நல்லெண்ணெய் காய்ச்சி விடலாமா?

வேண்டாம். கோழி இறகு, கொண்டை ஊசி, பஞ்சுக் குச்சி ஒன்றும் வேண்டாம். காது தன்னைத் தானே சுத்தமாக்கும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்க் கிருமி பிடிக்கும். காதால் சீழ் வழிந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பிறந்த குழந்தைக்கே காது சோதிக்க வேண்டுமா?

ஆம், வசதி கிடைக்கும் இடத்தில் கட்டாயம் கேட்டுச் செய்யுங்கள். குழந்தை நித்திரையாக இருக்கும்போது காதில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடத்தில் முடிக்கும் சோதனை. நோவு இல்லை. ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிப்படுத்துவது, ஆறு மாதத்துக்குள் உதவியைத் தொடங்குவது என்பது பல நாடுகள் பின்பற்றும் அளவு. ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்த பிள்ளைகளின் மொழி, பிந்திக் கண்டுபிடித்தவர்களின் மொழியைவிடத் தெளிவாக முன்னே நின்றது என்று 1998இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, கடும் மஞ்சள் காமாலை வந்த குழந்தை, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை, மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளை, குடும்பத்தில் பிறவியிலேயே காது கேளாதவர் உள்ள பிள்ளை ஆகியோருக்கு இது இன்னும் முக்கியம். சொந்தத்துக்குள் கலியாணம் செய்த தாய் தகப்பனின் பிள்ளைக்கும் இந்த வாய்ப்புக் கொஞ்சம் கூட. இதைச் சொன்னால் சிலர் மனம் நோவார்கள். குற்றம் சொல்லவில்லை, சோதியுங்கள் என்றுதான் சொல்கிறேன். 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் எம்.எம்.ஆர் தடுப்பூசியையும் தவற விடாதீர்கள். சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா மூன்றும் காதைக் கெடுக்கக்கூடியவை. கர்ப்பிணிக்கு ருபெல்லா வந்தால் வயிற்றிலுள்ள சிசுவின் காதும் பாதிக்கப்படும்.

போனில் தமிழ்க் காட்டூன் போட்டுக் கொடுக்கிறேன். அதிலும் பேச்சுக் கேட்கத்தானே செய்கிறது?

சத்தம் கேட்கிறது. மொழி வருகிறதா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் பற்றீசியா கூல் என்பவர் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருக்குச் சீன மொழி பேசுபவர் நேரில் இருந்து விளையாடிக் கதைத்தார். வேறு சிலருக்கு அதையே திரையில் காட்டினார்கள். இன்னும் சிலருக்கு ஒலி மட்டும். பன்னிரண்டு அமர்வுகள். நேரில் கேட்ட குழந்தைகள்தான் அந்த ஒலிகளைப் பிடித்தார்கள். திரையில் பார்த்தவர்கள் ஒன்றும் பிடிக்கவில்லை.

திரை பிள்ளைக்குக் காத்திருக்காது. அதன் முகத்தைப் பார்த்துக் குரலை மாற்றாது. ஆனால் கனடாவில் இருக்கும் அம்மம்மா வீடியோவில் வந்து "என்ன குஞ்சு, என்ன சாப்பிட்டனி?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அதற்கேற்பச் சிரித்துக் கதைப்பது வேறு. அங்கே பதிலுக்குப் பதில் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது இது: ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், ஒரு வயதுப் பிள்ளைக்கும் பரிந்துரைக்கவில்லை, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். சமைக்கும் நேரத்தில் போன் கொடுக்காமல் முடியாது என்று தாய்மார் சொல்வது எனக்கு விளங்கும். அந்த நேரத்தில் குசினியிலேயே ஒரு பாயைப் போட்டு இருத்தி, வெங்காயத் தோலையும் ஒரு கிண்ணத்தையும் கொடுத்துவிட்டுக் கதைத்துக்கொண்டே சமைத்துப் பாருங்கள்.

சத்தம் போட்டால்தான் கேட்கிறான். மெல்லச் சொன்னால் காதில் ஏறாது.

சத்தத்துக்குப் பழக்கினால் சத்தத்துக்குத்தான் திரும்பும். பயந்த பிள்ளை சொல்லைக் கேட்பதில்லை, குரலின் சூட்டை அளக்கிறது. அடி விழுமா விழாதா என்று கணக்குப் பார்க்கும் மனதில் "நீலக் கொப்பி" நிற்காது.

இதில் நம் ஊருக்கென்று ஒன்று இருக்கிறது. இன்றைக்குத் தாய் தகப்பனாக இருக்கும் பலர் போர்க்காலத்தில் வளர்ந்தவர்கள். ஹெலியின் சத்தம் எது, கிபிர்ப் போர் விமானத்தின் சத்தம் எது, செல் எந்தப் பக்கமாகப் போகிறது என்று காதாலேயே சொன்ன பிள்ளைகள் அவர்கள். பாடம் நடக்கும்போது ஒரு சத்தத்துக்கு வகுப்பே உறைந்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன். அந்தக் காதுகள் ஆபத்தைக் கேட்பதற்குப் பழகியவை. அதனால் இன்றைக்கும் சிலரால் பிள்ளையின் சாதாரணக் கூச்சலைத் தாங்க முடிவதில்லை, உடனே குரல் உயர்கிறது. அது அவர்களின் குற்றம் இல்லை. தெரிந்துகொண்டால் மாற்றலாம்.

அதே காலத்தில்தான் நான் அழகான செவிமடுத்தலையும் கண்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். தம்பிமார் முறை வைத்துச் சுற்றுவார்கள். கை தளர்ந்தால் குரலும் தளரும். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போம். முடிந்த பிறகு அரை மணித்தியாலம் பேச்சு. "என்ன சொன்னவங்கள்?" என்று ஒவ்வொருவரும் தாம் பிடித்ததைச் சொல்வார்கள். சுற்றிய சின்னவனிடமும் கேட்பார்கள், அவன் சொன்னதையும் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பதினைந்து நிமிடச் செய்தியைவிட அதற்குப் பிறகு நடந்த பேச்சுத்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் காதைக் கூர்மையாக்கியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே கிட்டப் போங்கள், குனியுங்கள், பெயரைச் சொல்லிக் கண்ணைப் பார்த்த பிறகு சொல்லுங்கள். ஒரு தடவை, மெல்ல, சின்ன வசனத்தில்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கதைக்க வேண்டும்?

எவ்வளவு சொற்கள் என்பதைவிட எத்தனை தடவை மாறி மாறி என்பதைப் பாருங்கள். நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளை வைத்து 2018இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், பெரியவர்கள் பிள்ளையின் மேல் கொட்டிய சொற்களின் தொகையைவிடப் பிள்ளையோடு மாறி மாறிப் பேசிய தடவைகள்தான் மூளையின் மொழிப் பகுதியின் இயக்கத்தோடு கூடுதலாகப் பொருந்தின. வீட்டு வருமானம் கூடக் குறைய இருந்தாலும் அப்படியே.

நம் வீடுகளில் பிள்ளையிடம் கதைப்பது பெரும்பாலும் ஒரு வழிப் பாதை. எழும்பு, பல்லுத் தீட்டு, சாப்பிடு, ரியூசனுக்குப் போ, படி, படு. பதில் தேவையில்லாத கட்டளைகள். பிள்ளை ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் "பேந்து சொல்லு" என்கிறோம். தன் பேச்சை யாரும் கேட்டறியாத பிள்ளை, கேட்பது என்றால் எப்படியிருக்கும் என்று எங்கே பார்த்துப் பழகும்?

கேள்வி கேட்டால் காத்திருங்கள். மேரி பட் றோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் எழுபதுகளில் வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டு ஏறக்குறைய ஒரு செக்கன்தான் காத்திருந்தார்கள். அதை மூன்று செக்கனாக்கியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். இதை அறிந்த பிறகு நான் மனதுக்குள் மூன்று எண்ணத் தொடங்கினேன். முதல் வாரம் அந்த மௌனம் தாங்கவே முடியவில்லை. இரண்டாம் வாரம், அந்தத் தவணை முழுவதும் வாய் திறக்காத ஒரு பெண்பிள்ளை கையைத் தூக்கினாள்.

பள்ளிக்கூடத்திலும் ரியூசனிலும் ஒரே இரைச்சல். இது படிப்பைப் பாதிக்குமா?

பாதிக்கும். பெரியவர்கள் இரைச்சலில் நான்கு சொல்லைத் தவற விட்டாலும் அனுபவத்தால் நிரப்பிக்கொள்வோம். பிள்ளைக்கு நிரப்ப அவ்வளவு சொற்கள் இல்லை. இந்தத் திறன் பதின்ம வயதில்தான் நிறைவடைகிறது. வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நம் ஊரில் தகரக் கூரையில் மாரி மழை விழும்போது வகுப்பு எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை உண்டு. சீமெந்துச் சுவரும் தகரமும் சத்தத்தைத் திருப்பி எறியும். கிடுகுத் தட்டி, பாய், தடித்த துணித்திரை ஆகியவை சத்தத்தை விழுங்கும். பழைய கிடுகுக் கொட்டிலில் குரல் எதிரொலிக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம். அடுத்தது தூரம். ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் கூடும். ஆகவே மந்தமாகக் கேட்கும் பிள்ளையை முன் வாங்கில் இருத்துங்கள். ஒரு காது மட்டும் கேட்கும் பிள்ளையென்றால் நல்ல காது ஆசிரியர் பக்கமாக இருக்கட்டும். மழை கொட்டும்போது விளக்கம் சொல்லித் தொண்டையைக் கிழிக்காமல் எழுத்து வேலை கொடுக்கலாம். நூறு பிள்ளைகளை ஒரு மண்டபத்தில் இருத்தி மைக்கில் படிப்பிக்கும் ரியூசனுக்குத் தரம் 3 பிள்ளையை அனுப்புவதை நான் ஒருநாளும் ஆதரித்ததில்லை. புலமைப்பரிசில் பரீட்சைக்கென்றாலும்தான்.

கோயில் திருவிழா ஒலிபெருக்கி, காதில் மாட்டும் ஹெட்போன் எல்லாம் கெடுதலா?

சத்தத்தின் அளவும் நேரமும் சேர்ந்துதான் காதைக் கெடுக்கும். பிள்ளைகளுக்கு வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்றால் 75 டெசிபெல்லுக்கு மேற்படக் கூடாது. பெரியவர்களுக்கே 100 டெசிபெல்லில் வாரத்துக்கு இருபது நிமிடம்தான் பாதுகாப்பு. நல்லூர்த் திருவிழா 25 நாள். எங்கள் ஊர்க் கோயில்களில் பத்து, பதினைந்து நாள். போகத்தான் வேண்டும், பிள்ளையைக் கொண்டுபோகத்தான் வேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டியின் முன்னால் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம், வெடி கொளுத்தும் இடத்திலும் நிற்க வேண்டாம். தள்ளி நின்றால் மேளச் சமா இன்னும் தெளிவாகவே கேட்கும்.

தமிழ், ஆங்கிலம், சிங்களம் எல்லாம் கேட்டால் பிள்ளை குழம்பாதா?

குழம்பாது. பேச்சுப் பிந்துவதற்குப் பல மொழி காரணம் இல்லை. ஆனால் தாய்க்கு எந்த மொழியில் கதை சொல்லவும், கோபிக்கவும், கொஞ்சவும் நிறைய வருமோ அந்த மொழியில் கதையுங்கள். "கம்", "சிட்", "டோன்ட் டூ" என்று பத்து ஆங்கிலக் கட்டளையோடு வளரும் பிள்ளை இரண்டு மொழியையும் பாதியில்தான் கேட்கிறது.

வீட்டில் என்ன பயிற்சி கொடுக்கலாம்?

பயிற்சிப் புத்தகம் வாங்க வேண்டாம். கண்ணை மூடி இரண்டு நிமிடம் முற்றத்தில் இருந்து கேட்ட சத்தங்களைச் சொல்லச் சொல்லுங்கள்: செண்பகப் பறவை, பனையோலை உரசுவது, பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டர், பாண்காரரின் ஓட்டோப் பாட்டு. நொடி (விடுகதை) போடுங்கள். நொடிக்கு விடை சொல்ல முழுதையும் கேட்டே ஆக வேண்டும். தெரிந்த கதையில் ஒன்றை வேண்டுமென்றே மாற்றிச் சொல்லுங்கள். காகத்திடமிருந்து வடையை நாய் பறித்தது என்று சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளை துள்ளி எழும்பும். கடைக்கு அனுப்பும்போது துண்டில் எழுதிக் கொடுக்காமல் மூன்று சாமான் வாயால் சொல்லி அனுப்புங்கள். பாட்டு எவ்வளவும் பாடலாம்.

பிள்ளைக்குக் காது கேட்காது என்று உறுதியாகிவிட்டது. இனி?

மொழிக்குக் காது மட்டும் வழி இல்லை. கேட்டற்கருவி, காதுக்குள் பொருத்தும் செயற்கைக் கருவி, பேச்சுப் பயிற்சி ஆகியவற்றை மருத்துவரோடு கதையுங்கள். சைகை மொழியையும் ஒதுக்காதீர்கள். சைகை பழகினால் பேச்சு வராது என்ற பயம் பிழை. மொழியே இல்லாமல் கழியும் மாதங்கள்தான் பிள்ளைக்கு இழப்பு. கைதடியில் செவிப்புலன், பார்வைக் குறையுள்ள பிள்ளைகளுக்கான நவீல்ட் பாடசாலை நீண்ட காலமாக இயங்குகிறது. போய்ப் பாருங்கள். அங்கே பிள்ளைகள் முற்றத்தில் கையால் கதைத்துச் சிரிப்பதைப் பார்த்த பிறகு பல தாய்மாரின் முகம் மாறும்.

அம்மப்பாவுக்குக் காது மந்தம். பிள்ளையை அவரோடு விட்டால் பிள்ளையின் பேச்சுக் கெட்டுவிடாதா?

கெடாது. நான் பார்த்தவரையில் அப்படியான வீட்டுப் பிள்ளைகள் முகத்துக்கு நேரே வந்து, ஒவ்வொருவராக, தெளிவாகக் கதைப்பார்கள். விளங்கவில்லையென்றால் வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்பார்கள். ரி.வி.யை மட்டும் அவருக்காகக் கத்த விட வேண்டாம். அப்புறம், பிள்ளையின் காதைச் சோதிக்கக் கொண்டுபோகும் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வயது போனால் அப்படித்தான் என்று பத்து வருடமாக அவரையும் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.